வெளிச்சம் படாத அரை முழம்

தவமணிக்கு ஒரு வாக்கியம் மனப்பாடம். "பயப்பட ஒண்ணுமில்ல, ஒருக்கா நேர்ல வந்துட்டுப் போங்க." ஆலடிக்கோட்டை அரசு மருத்துவமனை ரத்த வங்கியில் லேப் டெக்னீசியனாகச் சேர்ந்ததிலிருந்து இருபத்திரண்டு வருடம் இதைத் தொலைபேசியில் சொல்லியிருக்கிறாள். கேட்டவர்களில் ஒருவர்கூடப் பயப்படாமல் இருந்ததில்லை. ரத்தம் கொடுத்து, பிஸ்கட்டும் பழச்சாறும் சாப்பிட்டு, சட்டைப் பையில் சான்றிதழோடு வீட்டுக்குப் போன மனிதருக்கு நாலாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து ஃபோன் வந்து, அதுவும் பயப்பட ஒன்றுமில்லை என்று ஆரம்பித்தால் வேறென்ன செய்வார்?

ஆனாலும் வந்துவிடுவார்கள். பச்சைத் திரைக்குப் பின்னால் உட்காரவைத்து, ரத்தத்தில் என்ன கிருமி இருந்தது, எந்த அறையில் மருந்து கிடைக்கும், வீட்டில் யாரிடம் எப்படிச் சொல்லலாம் என்று பொறுமையாக எடுத்துச் சொல்வாள். அழுதவர்கள் உண்டு. "எவன் ரத்தத்தையோ எடுத்து வச்சுக்கிட்டு எம்பேரச் சொல்லுதியா?" என்று மேசையைத் தட்டி ஏசியவரும் உண்டு. அப்படி ஏசிய பால்வண்டிக்காரர் மருந்து சாப்பிட்டுக் குணமாகி, இன்றைக்கும் வைகாசி பிறந்தால் ஒரு பை மாம்பழத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போகிறார்.

பிறகு விளக்கு வந்தது. தவமணிக்கு வேலை போகவில்லை. அந்த வாக்கியம்தான் போயிற்று.

விளக்கு என்று எல்லோரும் சொன்னார்களே தவிர, பார்க்க அது கல்யாண வீட்டு ஐஸ்கிரீம் பெட்டியைப் போலத்தான் இருந்தது. மூடியைத் திறந்தால் உள்ளே ஒரு தட்டு. அதன்மேல் ரத்தப் பையைப் படுக்கவைத்து மூடினால், மேலும் கீழும் ஊதா வெளிச்சம் அடிக்க, தட்டு பிள்ளையைத் தொட்டிலில் ஆட்டுவது மாதிரி இருபத்தைந்து நிமிடம் ஆடும். சென்னையிலிருந்து வந்த இன்ஜினியர், கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு விளக்கம் சொன்னார்.

"ரொம்ப சிம்பிள் மேடம். இந்த மஞ்சள் மருந்தை ரத்தப் பைக்குள்ள விடறோம். அது கிருமியோட மரபிழையில போய் ஒட்டிக்கும். வெளிச்சம் பட்டா, ஒட்டின இடத்துல அந்த இழை அறுந்துடும். அப்புறம் அந்தக் கிருமி ஒண்ணு ரெண்டாகவே முடியாது. எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை, மலேரியா, நாளைக்குப் புதுசா எது வந்தாலும் இதே கதிதான்."

"ரத்தம் கெட்டுப் போகாதா சார்?"

"சிவப்பணுவுக்குள்ள மரபிழையே கிடையாதே. அறுக்கறதுக்கு அங்க என்ன இருக்கு?"

தவமணி கொஞ்சம் யோசித்தாள். "பையில இருக்க கிருமி செத்துரும், சரி. குடுத்துட்டுப் போறாருல்லா, அவரு ஒடம்புல இருக்கது?"

இன்ஜினியர் அவளை ஒரு முறை பார்த்தார். அப்படி ஒரு கேள்வி அவருடைய பயிற்சிப் புத்தகத்தில் இல்லை போலிருக்கிறது. "அது இந்த மெஷினோட வேலை இல்லை மேடம்" என்றார். தப்பாகவும் சொல்லவில்லை.

அடுத்த வருடமே பரிசோதனைப் பெட்டிகள் வருவது நின்றது. அதற்கடுத்த வருடம் கொடையாளர் கண்ணியச் சட்டம் வந்தது. பையின் மேல் இனி எண் மட்டும்தான், பெயர் கிடையாது. கொடுப்பவரின் ரத்தத்தில் என்ன இருக்கிறது என்று ரத்த வங்கி பார்க்கக்கூடாது. பார்க்காததால் யாரையும் திருப்பி அனுப்பவும் முடியாது. நியாயமாகச் சொன்னால் அதில் நல்லது நிறைய இருந்தது. எத்தனையோ வருடம் வாசலோடு திருப்பி அனுப்பப்பட்ட திருநங்கைகள் பதினோரு பேர் ஒரே நாளில் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்து ரத்தம் கொடுத்துவிட்டுப் போனார்கள். அன்று எடுத்த அவர்களுடைய படத்தைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியவர் ரத்த வங்கி மருத்துவர் ஃபர்ஹானா. முப்பத்து நான்கு வயது. தவமணியை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

ஃபர்ஹானாவுக்கு இந்தச் சட்டத்தின் மேல் இருந்த பிடிப்புக்குக் காரணம் உண்டு. அவருடைய தாய்மாமா, கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது பள்ளிவாசல் முகாமில் ரத்தம் கொடுத்தார். அந்த ஊர் ரத்த வங்கியிலிருந்து வந்த ஃபோனை வேறு யாரோ எடுத்துவிட்டார்கள். அவர் ரத்தத்தில் கிருமி இருப்பது மறுநாள் பெண்வீட்டில் தெரிந்தது, அதற்கு மறுநாள் தெரு முழுக்கத் தெரிந்தது. மாமா எந்த ஊருக்குப் போனார் என்று இன்றுவரை தெரியாது. "தெரியாம இருந்திருந்தா அவர் எங்க கூடவே இருந்திருப்பார்க்கா" என்று ஃபர்ஹானா ஒரு நாள் சொன்னார். மருந்து சாப்பிடாமல் எத்தனை நாள் இருந்திருப்பார் என்று கேட்க வாய் வந்தும் தவமணி கேட்கவில்லை.

இப்படி ஆறு வருடம் போயிற்று. ஏழாவது வருடம், ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பதினொன்றரை மணிக்குப் பிரசவ வார்டிலிருந்து ஃபோன் வந்தது. முத்துப்பேச்சி, இருபத்து நான்கு வயது, கீழச்செவலூர். பெண் குழந்தை பிறந்துவிட்டது, ரத்தம் நிற்கவில்லை. ஓ நெகட்டிவ். அந்த வகையில் இருந்த இரண்டு பைகளும் அரை மணி நேரத்தில் உள்ளே போய்விட்டன. மூன்றாவது பை இல்லை.

ஆலடிக்கோட்டை ரத்த வங்கியில் ஒரு வழக்கம் உண்டு. கைவசம் ரத்தம் இல்லாதபோது, அதே வகைக்காரர் ஊழியர்களில் யாராவது இருந்தால் கேட்காமலே போய்ப் படுத்துவிடுவார்கள். தவமணி ஓ நெகட்டிவ். "ஊரு பூராவும் ஊசி குத்துதோம், நமக்கு வலிக்குமாக்கும்" என்று சொல்லிக்கொண்டு கட்டிலில் ஏறினாள். நர்ஸ் ஜெபசீலி ரத்தம் எடுத்தாள். பை நிறைந்ததும் பிரசவ வார்டிலிருந்து மறுபடி ஃபோன். பொருத்தம் பார்க்க அந்தப் பெண்ணின் ரத்த மாதிரியை வாங்க ஜெபசீலி மாடிக்கு ஓடினாள். அரை மணி படுத்திருக்க வேண்டிய தவமணி பத்து நிமிடத்தில் எழுந்து, லேசாகத் தலைசுற்ற, தன் பையைத் தானே தூக்கிக்கொண்டு விளக்கடிக்குப் போனாள். பன்னிரண்டே முக்காலுக்குப் பை மாடிக்குப் போயிற்று. மூன்று மணிக்கு, பெண் பிழைத்துவிட்டாள் என்று ஜெபசீலி வந்து சொன்னாள். தவமணி அப்போதுதான் பழச்சாற்றைக் குடித்தாள்.

மறுநாள் அந்தப் பெண்ணின் கணவன், சரக்கு ஆட்டோ ஓட்டும் இசக்கிராஜா, கூட்டாளிகள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து, வாங்கிய ரத்தத்துக்கு ஈடாக ரத்தம் கொடுத்துவிட்டுப் போனான். அதுவும் வழக்கம்தான்.

அதிலிருந்து பன்னிரண்டு நாள் கழித்து, திங்கட்கிழமை காலை, தவமணி குளிர்ப்பெட்டியைச் சுத்தம் செய்தாள். ஒவ்வொரு ரத்தப் பைக்கும் வால் மாதிரி ஒரு குழாய் இருக்கும். அதில் அரை முழத்தை வெட்டி, இரண்டு முனையையும் சூட்டில் ஒட்டி, பை போன பிறகும் ஒரு வாரம் வைத்திருப்பார்கள். ஏதாவது பிரச்சினை என்றால் திரும்பிப் பார்ப்பதற்கு. வாரம் கடந்ததைத் திங்கட்கிழமை எறிவது முறை. நின்ற இடத்திலேயே நிற்கும் ரத்தம் நாளாவட்டத்தில் இரண்டாகப் பிரியும். கீழே சிவப்பு, மேலே வைக்கோல் நிறத் தெளிவு.

ஒரு குழாயில் அந்தத் தெளிவு வைக்கோல் நிறத்தில் இல்லை. பூசணிப்பூ நிறத்தில் இருந்தது.

தவமணி அதை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பிடித்துப் பார்த்தாள். பிறகு மற்ற முப்பது குழாய்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எல்லாம் வைக்கோல். இது ஒன்றுதான் பூசணிப்பூ. அதை மட்டும் கையில் எடுத்துக்கொண்டாள். நேரே டாக்டர் அறைக்குப் போனாள்.

"மஞ்ச மருந்து கொழாய்க்குள்ள வந்திருக்கு டாக்டர்."

"வந்தா என்னக்கா?"

"மருந்து கொழாய்க்குள்ள எப்படி வரும்? பையில இருந்துதான் வரணும். பையில இருந்து கொழாய்க்கு வந்திருக்குன்னா, கொழாயில இருந்தது பைக்குப் போயிருக்கு."

ஃபர்ஹானா பேனாவைக் கீழே வைத்தார்.

குழாயில் இருக்கும் ரத்தம் உறையாமலிருக்க, உருளை இடுக்கி ஒன்றால் அதைப் பைக்குள் உருவிவிட்டு, திரும்ப இறங்கவிட வேண்டும். மூன்று முறை. இது விளக்கு வருவதற்கு முந்தைய காலத்துப் பாடம். விளக்கு வந்த பிறகும் உருவுவார்கள், ஆனால் முதல் வேலையாக. உருவி, குழாயைப் பையின் கழுத்தோடு ஒட்டி அடைத்து, அதற்குப் பிறகுதான் மருந்து, பிறகு வெளிச்சம். தட்டுக்கு வெளியே தொங்கும் குழாயில் வெளிச்சம் படாது. ஆகவே வெளிச்சத்துக்குப் பிறகு அதை ஒருவரும் தொடக்கூடாது.

தவமணி டாக்டரின் மேசைக்கு முன்னால் நின்று, வெறுங்கையால் செய்து காட்டினாள். பையை எடுக்கிறேன். அவசரம், உருவவில்லை, கழுத்தை அடைக்கவில்லை, கிளிப்பை மட்டும் போட்டு மருந்தை விடுகிறேன். மூடி, வெளிச்சம், இருபத்தைந்து நிமிடம். திறக்கிறேன். கிளிப்பை எடுக்கிறேன், குழாய் உருவப்படாமல் தொங்குகிறது. அவள் சொல்லி முடிப்பதற்குள் அவளுடைய வலதுகை தானாக எழுந்து, இல்லாத இடுக்கியை எடுத்து, இல்லாத குழாயை ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை உருவியது. இருபத்தெட்டு வருடப் பழக்கம். இரண்டு பேரும் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நாந்தான் டாக்டர்" என்றாள் தவமணி. "ஒரு தேக்கரண்டி தேறாது. ஆனா அவ்வளவும் பச்ச ரத்தம்."

"யார் குடுத்த பை?"

குழாயில் இருந்த எண்ணைப் பார்த்தாள். அந்த எண்ணை எங்கோ பார்த்த மாதிரி இருந்தது. கைப்பையைத் திறந்து தன்னுடைய கொடையாளர் அட்டையை எடுத்தாள். அதே எண்.

தவமணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "என் ரத்தந்தான் டாக்டர்! முத்துப்பேச்சிக்கு ஏத்தினது. நான் பாட்டுக்கு எந்தப் புள்ளைக்கு என்னத்தக் குடுத்துட்டோமோன்னு உசிரக் கையில பிடிச்சுக்கிட்டு வாரேன்!"

ஃபர்ஹானாவும் சிரித்தார். வயிற்றில் பாலை வார்த்தீர்கள் என்றார். ஓர் அறிக்கை எழுதி வைத்துவிட்டால் போதும் என்றார். தவமணி கதவு வரை போய்விட்டாள். அப்போதுதான் டாக்டர், ஏதோ படிவத்தில் நிரப்ப வேண்டிய கட்டம் போல, சாதாரணமாகக் கேட்டார்.

"அக்கா, உங்க ரத்தத்தைக் கடைசியா எப்ப டெஸ்ட் பண்ணாங்க?"

"நானா? வருசத்துக்கு மூணு தடவ குடுக்கேன், அப்பல்லாம்..." என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள். அப்பல்லாம் என்பது விளக்குக்கு முன்னால். அதற்குப் பிறகு யாருடைய ரத்தத்தையும்தான் யாரும் பார்க்கவில்லையே. அவளுடையது மட்டும் என்ன தனி?

அன்று மத்தியானம் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு தவமணி யோசித்தாள். நாலு வருடத்துக்கு முன்னால், மேல்நிலைப் பள்ளி முகாமில், எடுத்த ஊசியை அப்புறப்படுத்தும்போது இடது கட்டைவிரலில் ஏறிவிட்டது. பழைய நாளாக இருந்தால் அமர்க்களம் நடந்திருக்கும். ஊசி யாருக்குப் போட்டது என்று தேடி, அவருக்கும் இவளுக்கும் பரிசோதனை செய்து, மாத்திரை கொடுத்து, மூன்று மாதம் கழித்து மறுபடி பார்த்திருப்பார்கள். விளக்கு வந்த பிறகு ரத்தத்தின் மேலிருந்த பயமே எல்லோருக்கும் விட்டுப்போயிருந்தது. பையில் உள்ளது சுத்தமானால் ஊசியில் உள்ளதும் சுத்தம் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லோரும் அப்படித்தான் நடந்துகொண்டார்கள். குழாயடியில் விரலைக் கழுவிவிட்டு, வரிசையில் நின்ற அடுத்த ஆளைக் கூப்பிட்டிருந்தாள். அவ்வளவுதான். மோர் வாங்கிக் குடித்தது கூட ஞாபகம் இருக்கிறது.

ரத்த வங்கி பார்க்கக்கூடாது என்றுதான் சட்டம். தன் ரத்தத்தைத் தான் பார்த்துக்கொள்ள யாருக்கும் தடையில்லை. தவமணி மாடியில் இருக்கும் பொது லேபுக்குப் போய், டோக்கன் எடுத்து, கர்ப்பிணிகளுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் நடுவில் உட்கார்ந்து, தன் முறை வந்ததும் கையை நீட்டினாள். புதன்கிழமை காலை மேசை ஃபோன் அடித்தது. பொது லேபில் இருக்கும் காந்திமதிநாதன். அமைதியான மனிதர், இவள் வயதுக்காரர்.

"தவமணி மேடமா? பயப்பட ஒண்ணுமில்ல. ஒருக்கா நேர்ல வந்துட்டுப் போங்களேன்."

அந்த வாக்கியத்தை அவள் இந்தப் பக்கத்திலிருந்து கேட்டதே இல்லை. இவ்வளவு நீளமானது என்று தெரியாது.

சி வகை மஞ்சள் காமாலை. பன்னிரண்டு வாரம் மாத்திரை சாப்பிட்டால் அநேகமாகப் போய்விடும். கண்டுபிடிக்காமல் விட்டிருந்தால் பத்துப் பதினைந்து வருடத்தில் ஈரலைத் தின்றுவிட்டு ஒரு நாள் தானாகத் தெரிந்திருக்கும். இந்த ஆறு வருடத்தில் தவமணி பதினேழு தடவை ரத்தம் கொடுத்திருக்கிறாள். ஊசி குத்திய பிறகு கொடுத்த ஒவ்வொரு பையிலும் விளக்கு கிருமியைக் கொன்றிருக்கிறது. ஒரு தடவைகூட அவளிடம் சொல்லவில்லை. விளக்கின் மேல் அவளுக்குக் கோபம் வந்தது. பெட்டியிடம் கோபித்துக்கொண்டு என்ன செய்ய?

"என்ன விடுங்க டாக்டர்" என்றாள். "முத்துப்பேச்சிகிட்டச் சொல்லணும்."

ஃபர்ஹானா லேப் தாளை மேசையில் வைத்தார். "சொல்லத்தான் வேணும். ஆனா நாம சொல்ல முடியாதுக்கா. சட்டப்படி அதுக்குன்னு இருக்கற கமிட்டிக்கு எழுதணும், அவங்க பார்த்து கடிதம் அனுப்புவாங்க. தொண்ணூறு நாள் ஆகும்."

"அந்தக் கடுதாசிய யாரு வாங்குவா? தபால்காரர் தெருவுல வச்சுப் பேரச் சொல்லிக் கூப்புடுவாரு. மாமியாக்காரி வாங்குவா, பக்கத்து வீட்டுப் புள்ள படிச்சுச் சொல்லும். ஒங்க மாமாவுக்கு நடந்ததுதான் நடக்கும்."

ஃபர்ஹானா மேசையிலிருந்த பேனாவை எடுத்து மூடினார்.

"ஒங்க மாமாவுக்குத் தெரிஞ்சது தப்பில்ல டாக்டர். அவருக்கு முன்னால ஊருக்குத் தெரிஞ்சதுதான் தப்பு. அத எங்கள மாதிரி ஆளுக ஒழுங்காச் செஞ்சிருக்கணும். செய்யல. அதுக்காக ஒரேயடியா வெளக்க அணைச்சுட்டீங்களே."

கடைசியில் ஃபர்ஹானா ஒரு வெள்ளைத்தாளை அவள் பக்கம் தள்ளினார். "நாளைக்கு லீவ் எழுதிக் குடுங்க. நீங்க எங்க போறீங்கன்னு நான் கேட்கலை. உங்க மேல வர்ற விசாரணைக்கு நானும்தான் பதில் சொல்லணும்."

அன்றிரவே தவமணி தன்மேல் தானே ஓர் அறிக்கை எழுதி, தப்பு தன்னுடையது என்று கையெழுத்துப் போட்டாள். முன்னால் எறிந்துவிட்ட குழாய்களில் பூசணிப்பூ இருந்ததா என்று தனக்குத் தெரியாது என்பதையும் எழுதினாள். கை இந்த ஒரு தடவைதான் அப்படிச் செய்தது என்று அவளால் சத்தியம் செய்ய முடியவில்லை.

கீழச்செவலூருக்கு நாளைக்கு மூன்று பேருந்து. வியாழக்கிழமை பத்தரை வண்டியில் போனாள். முத்துப்பேச்சி கட்டிலில் சாய்ந்து குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். இசக்கிராஜா ஆட்டோவின் அடியிலிருந்து கறைபட்ட கையோடு எழுந்து வந்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு தேடி ஆள் வந்தது அவனுக்கு நல்லதாகப் படவில்லை.

தவமணி சுற்றி வளைக்கவில்லை. அன்றைக்கு ஏற்றிய மூன்றாவது பை தன்னுடையது என்றாள். வெளிச்சத்தைப் பற்றியும் அரை முழக் குழாயைப் பற்றியும் சொன்னாள். தன் கை செய்ததைச் சொன்னாள். தன் ரத்தத்தில் இருந்ததைச் சொன்னாள்.

"ஒனக்கு வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம். ரத்தம் எடுத்துப் பாத்தாத் தெரியும். மருந்து இருக்கு. புள்ளைக்குப் பால் குடுக்கலாம், காம்புல வெடிப்பு, ரத்தக்கசிவு இருந்தா மட்டும் அன்னைக்கு வேண்டாம்."

முத்துப்பேச்சி குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். பேசியவன் இசக்கிராஜாதான்.

"எங்க சனம் பூராவும் ஒங்களக் கும்புட்டுக்கிட்டு இருக்கு மேடம். பேரு தெரியாத மவராசி ரத்தம் குடுத்துப் பொழைக்க வச்சான்னு இவ தெனமும் வெளக்கு ஏத்துதா. இப்ப வந்து இப்படிச் சொல்லுதீங்க. பாக்காமக் குடுத்தீங்களா?"

"ஆமா. யாரோடதையும் பாக்கது இல்ல."

"மறுநாள் நானும் வந்து குடுத்தேனே. ரெண்டு பேரக் கூட்டிக்கிட்டு. அதையுமா பாக்கல?"

"பாக்கல."

அவன் கோபமாக ஏதோ சொல்ல வாயெடுத்தான். அந்தக் கோபம் போகிற வழியில் வேறு ஏதோ ஒன்றில் முட்டிக்கொண்டது அவன் முகத்தில் தெரிந்தது. "அப்ப எனக்கு ஏதும் இருந்தாலும்..."

"ஒனக்கும் தெரியாது தம்பி. எங்களுக்கும் தெரியாது."

தவமணி பையிலிருந்து ஊசியையும் மாதிரிக் குழாய்களையும் எடுத்தாள். ஒன்று போதும் என்ற இடத்துக்குப் பத்து எடுத்து வைப்பது முகாம் காலத்துப் பழக்கம். முத்துப்பேச்சி கையை நீட்டினாள். அவளுக்கு எடுத்து முடித்ததும் இசக்கிராஜா கறைபட்ட கையை லுங்கியில் துடைத்துவிட்டுச் சட்டைக் கையை மடித்தான். அன்று அந்த வீட்டில் யாரும் அவளுக்கு ஒரு செம்புத் தண்ணீர் கொடுக்கவில்லை. அவளும் கேட்கவில்லை. வெயிலில் நின்று ஒரு மணி வண்டியைப் பிடித்தாள்.

வெள்ளிக்கிழமை காலை, மாதிரிகளைப் பொது லேபுக்குக் கொண்டுபோவதற்காகக் குளிர்ப்பெட்டியைத் திறந்தாள். இரண்டு வைத்திருந்தாள், தாங்கியில் மூன்று இருந்தன. மூன்றாவதில் ஒட்டியிருந்த சீட்டைத் திருப்பிப் பார்த்தாள். எண் இல்லை. பெயர் இருந்தது. டாக்டர் ஃபர்ஹானாவின் கையெழுத்தில், டாக்டர் என்ற பட்டம் கூட இல்லாமல், ஃபர்ஹானா என்று மட்டும். அவரும் வருடா வருடம் பிறந்தநாளில் ரத்தம் கொடுப்பவர்தான். தவமணி மூன்றையும் சேர்த்து எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள்.

செவ்வாய்க்கிழமை காந்திமதிநாதன் ஃபோன் செய்யவில்லை. மூன்று தாள்களையும் மடித்து உறையில் போட்டு, தானே இறங்கி வந்து கொடுத்துவிட்டு, "டீ வாங்கிட்டு வரச் சொல்லட்டா மேடம்?" என்று கேட்டார். அதிலேயே தவமணிக்குப் பாதி தெரிந்துவிட்டது.

ஃபர்ஹானாவுக்கு ஒன்றுமில்லை. இசக்கிராஜாவுக்கு ஒன்றுமில்லை. முத்துப்பேச்சியின் ரத்தத்தில் கிருமி இருந்தது.

மூன்றாவது தாளை அவள் இரண்டு தடவை படித்தாள். இருபத்து நான்கு வயது. கைப்பிள்ளைக்காரி. பிழைக்கவைத்ததும் இந்த ரத்தம், நோயைக் கொடுத்ததும் இந்த ரத்தம். மடியில் இருந்த வலதுகையை இடதுகையால் பிடித்துக்கொண்டாள். அழுகை வந்தது, அழுதாள். யாரும் பார்க்கவில்லை, பார்த்தாலும் அவளுக்கு ஒன்றுமில்லை. பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, ஃபோனைப் பக்கத்தில் இழுத்து வைத்தாள். மணி ஒன்பதரை.

ஃபோன் நாலு தடவை அடித்த பிறகு எடுத்தது முத்துப்பேச்சிதான். பின்னால் குழந்தை சிணுங்கியது.

"முத்துப்பேச்சி, நான் ரத்த வங்கியில இருந்து பேசுதேன்" என்றாள் தவமணி. வாய்க்கும் இருபத்திரண்டு வருடப் பழக்கம் அல்லவா, அது பாட்டுக்கு ஆரம்பித்துவிட்டது. "பயப்பட ஒண்ணுமில்ல, ஒருக்கா நேர்ல..."

நிறுத்தினாள். அன்றைக்குக் கையை நிறுத்த முடியவில்லை. இன்றைக்கு வாயை நிறுத்தினாள்.

"இல்ல. நீ வர வேண்டாம். ஒனக்கு வந்திருக்கு தாயி. எனக்கு என்ன இருக்கோ அதேதான். பயமாத்தான் இருக்கும். எனக்கும் பயமாத்தான் இருக்கு. பெரிய டாக்டர்கிட்ட முன்னமே கேட்டு வச்சிருக்கேன், புள்ள பால் மறந்த பெறகு மாத்திர தொடங்கலாம்னு சொன்னாக, அதுவரைக்கும் மாசாமாசம் பாத்துக்கிடலாம். எல்லாம் நான் நேர்லயே வந்து வெவரமாச் சொல்லுதேன்."

அந்தப் பக்கம் குழந்தையின் சிணுங்கல் நின்றிருந்தது. வைத்துவிட்டாளோ என்று கூடத் தோன்றியது.

"பத்தரை வண்டிக்கா வாரீக யக்கா, பன்னெண்டு வண்டிக்கா?" என்று கேட்டாள் முத்துப்பேச்சி. "இல்ல, ஒங்களுக்கும் சேத்து ஒல வைக்கணும்லா. அதுக்குத்தான் கேக்கேன்."